ஆர்கேட் திரையில் படம் கெடும்போது: பழைய படக்குழாய்த் திரைகளின் பழுதறிதல்

காசு போட்டு விளையாடும் ஆர்கேட் எந்திரங்களில் 1970களிலும் 1980களிலும் பொருத்தப்பட்ட படக்குழாய்த் திரைகள் இன்று நாற்பது வயதை ஒட்டியோ கடந்தோ நிற்கின்றன. சேகரிப்பாளர்களின் வீடுகளிலும் சில அருங்காட்சியகங்களிலும் அவை இன்னமும் எரிகின்றன. ஆயினும் கோணாமல், உருளாமல், நிறம் திரியாமல் படம் காட்டுபவை அவற்றுள் சிலவே. படம் கெட்டால் முதலில் எங்கே கைவைப்பது என்ற கேள்விக்குப் பழுதுபார்ப்போரிடையே இரண்டு விடைகள் வழங்கிவருகின்றன. மின்தேக்கிகள் அனைத்தையும் ஒட்டுமொத்தமாக மாற்றிவிட்டுப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்பது ஒன்று. கோளாறு திரையில் எந்த வடிவில் தோன்றுகிறதோ அதைக் கொண்டு பழுதின் இடத்தை ஊகித்து, மீட்டர் வைத்து உறுதிசெய்தபின் உரிய உறுப்பை மட்டும் மாற்றவேண்டும் என்பது மற்றொன்று. முதல் வழியை முற்றிலும் தவறென்று தள்ளிவிட முடியாது. ஆனால் அவ்வழியில் செல்வோர் பழுதுக்கான தடயங்களைத் தம் கையாலேயே அழித்துவிடுகின்றனர் என்பதால், இரண்டாவதே மேலானது என்னும் நிலைப்பாட்டில் நின்று இக்கட்டுரை இரண்டையும் ஆராய்கிறது.

இத்திரைகள் வீட்டுத் தொலைக்காட்சிக்கு நெருங்கிய உறவு. 1972இல் அட்டாரி நிறுவனம் ‘பாங்’ விளையாட்டின் முன்மாதிரியை உருவாக்கியபோது, கடையில் வாங்கிய கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சிப் பெட்டி ஒன்றையே திரையாக வைத்தது. சில ஆண்டுகளில் தொழில் பெருகவே, ட்யூனரும் மரப்பெட்டியும் இல்லாமல் இரும்புச் சட்டத்தில் ஏற்றிய திரைகளை இதற்கென்றே செய்து தரும் நிறுவனங்கள் நிலைபெற்றன. கனடாவின் கிச்சனர் நகரத்து எலக்ட்ரோஹோம், சிகாகோவின் வெல்ஸ்-கார்ட்னர், ஜப்பானின் சான்யோ, நனாவோ, இத்தாலியின் ஹன்டரெக்ஸ் ஆகியவை அவற்றுள் முதன்மையானவை. எலக்ட்ரோஹோம் ஜி07, வெல்ஸ்-கார்ட்னர் கே4600, கே7000 போன்ற மாதிரிகளே இன்றும் பழுதுபார்க்கும் மேசைக்கு அதிகம் வருகின்றன. தொலைக்காட்சிக்கு வரும் அலையில் படமும் நிறமும் ஒலியும் ஒன்றாகக் கலந்திருக்கும். ஆர்கேட் திரைக்கோ சிவப்பு, பச்சை, நீலம் மூன்றும் தனித்தனிக் கம்பியில் வர, ஒவ்வொரு வரியும் ஒவ்வொரு படமும் எங்கே தொடங்கவேண்டும் என்பதைச் சொல்லும் ஒத்திசைவுத் துடிப்பு மற்றொரு கம்பியில் வருகிறது. இந்த எளிமை பழுதறிவோருக்குப் பெரும் துணை. பெரும்பாலானவை நொடிக்கு ஏறத்தாழ 60 படங்களை, படத்துக்கு ஏறத்தாழ 262 வரிகளாக வரைபவை. அதாவது கிடைவரி அதிர்வெண் 15.75 கிலோஹெர்ட்ஸை ஒட்டியது.

படக்குழாய், பேச்சுவழக்கில் பிக்சர் டியூப், காற்று அகற்றப்பட்ட கனத்த கண்ணாடிக் கலம். அதன் மெல்லிய கழுத்துக்குள் நிறத்துக்கு ஒன்றாக மூன்று எலக்ட்ரான் துப்பாக்கிகள் இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் உள்ள கேத்தோடு என்னும் எதிர்மின்முனையை 6.3 வோல்ட்டில் எரியும் ஹீட்டர் இழை சூடாக்க, அதிலிருந்து கிளம்பும் எலக்ட்ரான்களைத் திரைப்பக்கத்து ஆனோடின் உயரழுத்தம் ஈர்க்கிறது. 19 அங்குல வண்ணக் குழாயில் இது 20,000 வோல்ட்டுக்கு மேல் இருக்கும். முகப்புக் கண்ணாடிக்குச் சற்றுப் பின்னால் நுண்துளைகள் கொண்ட நிழல்தகடு நின்று, ஒவ்வொரு கற்றையும் தனக்குரிய நிறப் புள்ளியில் மட்டுமே விழுமாறு பார்த்துக்கொள்கிறது. கழுத்தைச் சுற்றி அமர்ந்துள்ள யோக் காயில் கற்றைகளை இடம்வலமாகவும் மேல்கீழாகவும் வளைக்கிறது. கேத்தோடின் மின்னழுத்தம் தாழத் தாழத் திரையில் வெளிச்சம் கூடும் என்பதை இங்கேயே குறித்துக்கொள்ள வேண்டும். நிறக்கோளாறுகள் பலவற்றின் விளக்கம் இந்தத் தலைகீழ் உறவில் அடங்கியுள்ளது.

குழாயை இயக்கும் மின்சுற்றுப் பலகையும் அதைத் தாங்கும் சட்டமும் சேர்ந்து சேசிஸ் எனப்படும். சுவர் மின்சாரம் அதற்குள் நுழைந்ததும் நேர்மின்னோட்டமாக்கப்பட்டு, பி பிளஸ் எனப்படும் நிலையான முதன்மை மின்னழுத்தமாகிறது. ஜி07 சேசிஸில் இது 120 வோல்ட். இதைக் கொண்டு கிடைவரி வெளியீட்டு டிரான்சிஸ்டர் நொடிக்குப் பதினைந்தாயிரத்துச் சொச்சம் முறை மின்னோட்டத்தை விட்டுவிட்டுப் பாய்ச்ச, அந்தத் துடிப்பு ஒருபுறம் யோக் காயிலையும் மறுபுறம் உயரழுத்த மின்மாற்றியையும் ஓட்டுகிறது. நம்மூர்த் தொலைக்காட்சிப் பட்டறைகளில் இ.எச்.டி. என்று குறிப்பிடப்படும் இந்த மின்மாற்றியே ஆனோடுக்கும் குவியத்துக்கும் ஸ்கிரீன் எனப்படும் இரண்டாம் கிரிடுக்கும் மின்னழுத்தம் தருகிறது. பல சேசிஸ்களில் ஹீட்டருக்கும் செங்குத்துச் சுற்றுக்கும்கூட மின்சாரம் இதிலிருந்தே பிரிகிறது. ஆகவே கிடைவரிப் பகுதி ஒன்று நின்றால் மற்ற எல்லாமும் நின்றுவிடும்.

கைவைப்பதற்கு முன் ஆபத்தைப் பேசவேண்டும். இத்துறையில் இது சம்பிரதாயத்துக்காகச் சொல்வது அன்று. குழாயின் வெளிப்புறக் கரிப்பூச்சும் உட்புற ஆனோடுப் பூச்சும், இடையே உள்ள கண்ணாடியோடு சேர்ந்து, ஒரு மின்தேக்கியாகவே செயல்படுவதால், சுவிட்சை அணைத்த பின்னும் மின்னூட்டம் தங்கியிருக்கும். நீண்ட பிடியுள்ள தட்டை ஸ்குரூடிரைவரின் தண்டைக் கம்பியால் சட்டத்தின் இரும்போடு முதலில் இணைத்துவிட்டு, ஆனோடின் ரப்பர் மூடிக்கு அடியில் அதன் நுனியைச் செலுத்தி உலோகக் கொக்கியைத் தொடவைப்பதே மின்னூட்டத்தை வடிக்கும் முறை. சற்று நேரம் விட்டு மறுபடி ஒருமுறை வடிப்பதும் வழக்கம். மின்வழங்கிப் பகுதியின் பெரிய வடிகட்டி மின்தேக்கிகள் தனியே மின்னூட்டம் வைத்திருக்கும் என்பது பலரும் மறக்கும் செய்தி. மேலும் ஜி07 போன்ற பல சேசிஸ்களின் பொதுத்தரை சுவர் மின்சாரத்தோடு நேரடித் தொடர்புள்ளது; எந்திரத்துக்குள் இருக்கும் தனிமைப்படுத்தும் மின்மாற்றி இல்லாமல் அவற்றை மேசையில் வைத்து நேராகச் செருகினால், உருகி தெறிப்பது மட்டுமல்ல, சட்டத்தைத் தொட்டவரின் உயிருக்கும் கேடு நேரலாம். குழாயின் கழுத்தும் எளிதில் முறியும். முறிந்தால் காற்று உள்ளே புகுந்து, வேறெந்தப் பழுதும் இல்லாத குழாய் அந்த நொடியிலேயே வீணாகும்.

இனிப் பழுது. முதலில் கேட்கவேண்டியது, கோளாறு விளையாட்டை ஓட்டிப் படச் சமிக்ஞையை அனுப்பும் விளையாட்டுப் பலகையிலா, சேசிஸிலா, குழாயிலா என்பதே. திரை முழுதும் இருண்டிருந்தால், விளக்கை அணைத்துவிட்டுப் பின்புறமாகக் கழுத்தைப் பார்த்தால் போதும். அங்கே ஆரஞ்சு நிற இழைகள் மூன்று எரிந்து, எந்திரத்தைப் போட்ட கணத்தில் முகப்புக் கண்ணாடியில் நிலைமின்சாரத்தின் சடசடப்புக் கேட்டு, கண்ணாடியை நெருங்கிய கையின் மயிர் சிலிர்க்குமானால், உயரழுத்தம் வந்துவிட்டது என்று பொருள். பிறகு ஸ்கிரீன் குமிழைச் சிறிது ஏற்றிப் பார்க்கவேண்டும். வெற்று வெளிச்சப் பரப்பு, அதாவது ராஸ்டர், நிறைவாகத் தோன்றினால் திரை நலமே, சமிக்ஞைதான் வரவில்லை. இந்த ஒரு சோதனையைச் செய்யாமலேயே சேசிஸைக் கழற்றி மேசையில் போடுவோர் ஏராளம்.

திரையின் மேல் சுமத்தப்படும் குற்றங்களுள் சில அதனுடையவை அல்ல. 1978இல் வெளிவந்த ‘ஸ்பேஸ் இன்வேடர்ஸ்’ எந்திரங்களில் பல கறுப்பு வெள்ளைத் திரை கொண்டவை. அவற்றின் பச்சையும் சிவப்பும் நிறத்தாள் பட்டைகளால் வந்தவை. அப்பட்டை வெளுத்தாலோ நகர்ந்தாலோ நிறம் மாறுவதற்கு எந்த மின்னணு உறுப்பும் பொறுப்பில்லை. நின்டெண்டோவின் ‘டாங்கி காங்’ எந்திரத்தில் இருந்த சான்யோ 20ஈஇசட் திரை, தலைகீழான நிறச் சமிக்ஞையை ஏற்குமாறு செய்யப்பட்டது. அந்தப் பலகையை வேறு திரையோடு நேராக இணைத்தால் படம் புகைப்பட நெகட்டிவ் போல் தெரியும். அதைப் பழுதென்று கருதிச் சேசிஸைக் குடைந்தால் நல்ல சேசிஸும் கெடும். 1985இல் ஜப்பானிய எந்திரத் தயாரிப்பாளர் சங்கம் வகுத்த ஜம்மா இணைப்புத் தரம் இத்தகைய குழப்பங்களைப் பெரிதும் குறைத்தது.

‘ஆஸ்ட்ராய்ட்ஸ்’ (1979), ‘டெம்பஸ்ட்’ (1981) போன்ற வெக்டர் எந்திரங்கள் தனி இனம். அவற்றின் கற்றை வரிவரியாக ஓடாமல், பேனாபோல் உருவங்களின் கோடுகளை நேரடியாக வரைகிறது. ஓட்டும் ஆணை முழுவதும் விளையாட்டுப் பலகையிலிருந்தே வருவதால், பலகை நின்றால் திரையில் எதுவுமே தோன்றாது. நகராமல் நிற்கும் கற்றை, திரையின் உட்புறத்து ஒளிரும் பூச்சான பாஸ்பரை மையத்தில் சுட்டுவிடும் என்பதற்காக, வளைவு நின்றவுடன் கற்றையை அணைக்கும் காப்புச் சுற்று இவற்றில் உண்டு. டெம்பஸ்டில் பயன்பட்ட வெல்ஸ்-கார்ட்னர் 6100 திரையில் அந்தக் காப்பு செயல்படுவதைக் காட்டச் சிவப்புச் சிறுவிளக்கு ஒன்றும் வைக்கப்பட்டிருந்தது. அவ்விளக்கு எரிவது திரையின் பழுதையும் குறிக்கலாம், பலகையின் பழுதையும் குறிக்கலாம். எனவே வெக்டர் எந்திரத்தில் பலகையின் வெளியீட்டை அலைகாட்டியில் பார்த்தபின்தான் திரையைக் குறைசொல்ல முடியும். இக்கட்டுரையின் எஞ்சிய பகுதி வரிவரியாக வரையும் ராஸ்டர் திரைகளைப் பற்றியதே.

கழுத்தில் ஒளியும் இல்லை, சடசடப்பும் இல்லை என்றால் உருகியைப் பார்க்கவேண்டும். அது கறுத்து வெடித்திருந்தால் புதியதைப் போட்டு மறுபடி மின்சாரம் கொடுப்பதில் பயனில்லை. கிடைவரி வெளியீட்டு டிரான்சிஸ்டரின் கலெக்டருக்கும் எமிட்டருக்கும் இடையே மீட்டர் வைத்துக் குறுக்கிணைப்பு இருக்கிறதா என்று காண்பதே முறை. அது செத்திருந்தால், கொன்றது எது என்பது அடுத்த கேள்வி. இ.எச்.டி.யின் உட்சுற்றுகள் குறுக்கிணைந்திருந்தால் புதிய டிரான்சிஸ்டரும் சில நொடிகளில் போய்விடும். இதனை ஓம் மீட்டரால் அறிய முடியாது, சுற்றில் துடிப்பு எத்தனை முறை அதிர்ந்து அடங்குகிறது என்று காட்டும் ரிங் சோதனைக் கருவி வேண்டும். டிரான்சிஸ்டரோடு இணைந்த காப்பு மின்தேக்கியும் கவனத்துக்குரியது. அதன் மதிப்புக் குறைந்தால் ஆனோடு மின்னழுத்தம் எகிறும். எகிறிய மின்னழுத்தத்தால் எக்ஸ் கதிர் கசியும். 1960களின் இறுதியில் அமெரிக்காவில் வண்ணத் தொலைக்காட்சிகளிலிருந்து அத்தகைய கசிவு கண்டறியப்பட்டு 1968இல் கதிர்வீச்சுக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்தது. அதன் பின்னர் வந்த சேசிஸ்களில் மின்னழுத்தம் எல்லை மீறினால் தானே அணையும் காப்புச் சுற்று வழக்கமாயிற்று. திரை எரிந்த இரண்டே நொடியில் அணைந்துபோகும் கோளாறில், அந்தக் காப்புச் சுற்று தன் வேலையைச் செய்கிறதா, தானே கெட்டுவிட்டதா என்று பிரித்தறியவேண்டும். அதை வெட்டிவிட்டு ஓட்டிப் பார்ப்பது ஒருபோதும் ஏற்கத்தக்கதன்று.

பல கோளாறுகளுள் வடிவத்தால் தன்னைத் தானே காட்டிக்கொடுப்பது செங்குத்துச் சரிவு. படம் முழுவதும் சுருங்கி, கண்ணைப் பறிக்கும் ஒற்றைக் கோடாக நடுவில் நிற்கும். உயரழுத்தம் இருக்கிறது, கிடைவரி ஓடுகிறது, நிறம்கூட வருகிறது. மேல்கீழாக வளைக்கும் சுற்று மட்டும் நின்றுவிட்டது என்பது இதன் பொருள். ஆனால் இங்கே ஒரு பொறி உண்டு. ‘பாக்-மேன்’, ‘டாங்கி காங்’ போன்ற எந்திரங்களில் குழாய் பக்கவாட்டில் திருப்பிப் பொருத்தப்பட்டிருப்பதால், அக்கோடு பார்ப்பவருக்கு மேலிருந்து கீழாக நிற்கும். அதைக் கண்டு கிடைவரிச் சுற்றைத் தேடிச் செல்பவர் தவறான பக்கத்தில் நாளைக் கழிப்பார். கோட்டைக் கண்டவுடன் ஒளியளவைக் குறைக்கவேண்டும், இல்லையேல் அந்தக் கோடு பாஸ்பரில் நிரந்தரமாகச் சுட்டுவிடும். பிறகு உறுப்புகளைத் தேடுவதற்கு முன் பலகையைத் திருப்பி, யோக் காயில் இணைப்பியின் ஊசிகள் பற்றவைக்கப்பட்டுள்ள இடத்தை உருப்பெருக்கிக் கண்ணாடியில் சாய்ந்த வெளிச்சத்தில் காணவேண்டும். ஊசியைச் சுற்றி ஈயப் பற்று பளபளப்பு இழந்து, மயிரிழை அளவுக்குக் கறுத்த வளையம் ஒன்று தெரிந்தால், பழுது அங்கேயேதான். தினமும் சூடாகி ஆறும் பலகையில் ஊசி ஒரு வேகத்திலும் பலகை ஒரு வேகத்திலும் விரிவதால் பற்று மெல்ல விட்டுவிடுகிறது. பழைய ஈயத்தை உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதிதாகப் பற்றவைத்தால் படம் விரிந்து எழும். கையால் பெட்டியைத் தட்டினால் படம் வந்து போகும் எந்திரங்களின் நோய் பெரும்பாலும் இதுவே. பற்று நன்றாக இருந்தால் அடுத்து உருகி மின்தடை, அதன்பின் செங்குத்து வெளியீட்டு டிரான்சிஸ்டர்கள் அல்லது ஐசி என்ற வரிசையில் செல்வது நேரத்தை மிச்சமாக்கும். படம் கோடாகச் சுருங்காமல் உயரம் மட்டும் குறைந்து, மேல் ஓரம் தன்மேலேயே மடிந்து வெள்ளைப் பட்டையாகத் தெரிந்தால், செங்குத்துப் பகுதியின் மின்தேக்கி வற்றியிருக்கிறது என்று கொள்ளலாம்.

அகலம் குறைவதும் படம் ஊதுவதும் வேறு கதை. இருபுறமும் கறுப்புப் பட்டை விழுந்து படம் ஒடுங்கினால் முதலில் பி பிளஸை அளக்கவேண்டும். அது தாழ்ந்திருந்தால் அகலக் குமிழைத் திருகுவதில் பொருளில்லை. மாறாக, ஒளியை ஏற்ற ஏற்றப் படம் பெரிதாகி மங்கி ஓரங்களைத் தாண்டி வழியுமானால், கற்றையின் சுமையை இ.எச்.டி. தாங்கவில்லை. ஆனோடு மின்னழுத்தம் தாழ்ந்தால் எலக்ட்ரான்களின் வேகம் குறைகிறது, வேகம் குறைந்த எலக்ட்ரானை அதே காந்தப்புலம் அதிகமாக வளைத்துவிடுகிறது. படம் ஊதுவதன் காரணம் இவ்வளவே. அகலக் காயிலின் பெரைட் கம்பியைத் திருப்பப் பிளாஸ்டிக் திருகியையே பயன்படுத்தவேண்டும், இரும்பு பட்டால் பெரைட் நொறுங்கும். எந்திரத்தின் முன் ஒரு கண்ணாடியைச் சாத்தி வைத்துக்கொண்டால், பின்னால் நின்று திருகுபவர் படத்தைப் பார்த்தபடியே வேலை செய்யலாம்.

படத்தில் மெல்லிய நிழற்பட்டை ஊர்ந்தாலோ ஓரங்கள் பாம்பாக நெளிந்தாலோ, வடிகட்டப்படாத மாறுமின்னோட்டத்தின் எச்சம் பி பிளஸில் ஏறியிருக்கிறது. அமெரிக்காவில் மின்சாரமும் 60 ஹெர்ட்ஸ், பாக்-மேனின் படவேகமும் 60.6 ஹெர்ட்ஸ், இரண்டும் ஏறத்தாழ ஒன்றே ஆகையால் பட்டை மெல்ல நகரும். வடிகட்டி மின்தேக்கி வற்றியிருந்தால் பொதுவாக இரண்டு பட்டைகளும், நான்கு டயோடுப் பாலத்தில் ஒரு டயோடு அறுந்திருந்தால் ஒரே பட்டையும் தெரியும். 50 ஹெர்ட்ஸ் மின்சாரமுள்ள இந்தியாவில் அதே எந்திரத்தை இறக்குமதி செய்து வைத்திருப்பவர் பட்டையை எதிர்பார்த்துக் காத்திருக்கக் கூடாது. அங்கே அது வேகமான நடுக்கமாகவே தோன்றும். மேலும் 60 ஹெர்ட்ஸுக்கென்று சுற்றிய மின்மாற்றி 50 ஹெர்ட்ஸில் கூடுதலாகச் சூடேறும் என்பதால், மின்னழுத்தத்தைக் குறைக்கும் மின்மாற்றியைப் போட்டுவிட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்ற எண்ணமும் முழுமையானதன்று.

படம் மேலோ கீழோ உருளுவதும், சாய்ந்த பட்டைகளாகக் கிழிவதும் ஒத்திசைவுக் கோளாறுகள். செங்குத்துப் பிடிப்புக் குமிழைத் திருப்பும்போது படம் இரு திசையிலும் உருண்டு, நடுவில் ஒரு கணமும் நிற்காவிட்டால், துடிப்பு சேசிஸை எட்டவில்லை. குமிழின் கடைக்கோடியில் மட்டும் நின்றால், அலையாக்கியின் உறுப்பு மதிப்பு மாறியிருக்கிறது. ஜம்மா பலகைகள் எதிர்முகமான கூட்டுத் துடிப்பைத் தருகின்றன. சேசிஸ் எதிர்பார்ப்பது நேர்முகமாக இருந்தால் எந்தப் பழுதும் இல்லாமலே படம் நிற்காது. கணினியிலிருந்து 31 கிலோஹெர்ட்ஸ் சமிக்ஞையை 15 கிலோஹெர்ட்ஸ் திரைக்குக் கொடுத்தாலோ, பக்கம் பக்கமாக இரண்டு படங்கள் தெரியும். அந்த நிலையில் நெடுநேரம் விட்டால் வெளியீட்டு டிரான்சிஸ்டருக்கு ஆபத்து.

நிறக்கோளாற்றில் மிக எளிய சோதனையே மிக வலியது. படத்தில் சிவப்பு இல்லை என்றால், பலகையிலிருந்து வரும் சிவப்புக் கம்பியையும் பச்சைக் கம்பியையும் இடம் மாற்றிப் பார்க்கவேண்டும். இப்போது பச்சை காணாமற்போனால் குற்றம் பலகையுடையது; சிவப்பே இன்னும் காணவில்லையென்றால் சேசிஸிலோ குழாயிலோ இருக்கிறது. கழுத்தில் செருகிய பலகையில் நிறத்துக்கு ஒரு வெளியீட்டு டிரான்சிஸ்டர் உண்டு. அது அறுந்தால் கேத்தோடு உயர்ந்த மின்னழுத்தத்திலேயே நின்று அந்த நிறம் மறையும். அது குறுக்கிணைந்தால் கேத்தோடு தரைக்கு இறங்கி, திரை முழுதும் அந்த நிறத்தில் மூழ்கி, சாய்வான திரும்பு கோடுகள் தெரியும். குழாய்க்குள் ஹீட்டர் இழை கேத்தோடைத் தொட்டாலும் இதே தோற்றம் வரும். கழுத்துப் பலகையைக் கழற்றிவிட்டுக் குழாயின் ஊசிகளை மட்டும் அளந்தால் இரண்டையும் பிரித்துவிடலாம். கழற்றும்போது பலகையை ஆட்டாமல் நேராக இழுக்கவேண்டும்.

திரையின் ஒரு மூலையில் மட்டும் ஊதாவோ பச்சையோ படர்ந்திருப்பது மேற்சொன்னவற்றுள் எதிலும் சேராது. அது நிழல்தகடு காந்தமேறியதன் அடையாளம். ஒலிபெருக்கி, பெட்டியை நகர்த்தியது, பூமியின் காந்தப்புலம் ஆகிய எதுவும் காரணமாகலாம். குழாயைச் சுற்றியுள்ள காந்தநீக்கக் காயிலுக்கு எந்திரத்தைப் போட்டவுடன் பெரும் மின்னோட்டம் பாய்ந்து, தெர்மிஸ்டர் சூடேற ஏறத் தேய்ந்து நிற்கவேண்டும்; அந்தத் தெர்மிஸ்டர் கெட்டால் மாதக்கணக்கில் கறை சேரும். கையால் பிடிக்கும் காயிலைத் திரைமுன் வட்டமாகச் சுழற்றி, இரண்டு மீட்டருக்குப் பின்வாங்கியபின் அணைப்பதே கறை நீக்கும் முறை. அருகிலேயே அணைத்தால் கறை இரட்டிக்கும். படக்குழாய் செய்த நிறுவனங்கள் வட அரைக்கோளத்துக்கு, தென் அரைக்கோளத்துக்கு, நடுக்கோட்டுப் பகுதிக்கு என்று தனித்தனியே சரிசெய்து அனுப்பிய காலம் உண்டு. பூமியின் காந்த நடுக்கோடு தென்னிந்தியாவின் முனையை ஒட்டிச் செல்கிறது. திருவனந்தபுரத்தை அடுத்த தும்பாவில் 1963இல் ராக்கெட் ஏவுதளம் அமைந்ததற்கும் அதுவே காரணம். ஆதலால் வட அமெரிக்காவில் சரிசெய்யப்பட்ட திரை நாகர்கோவிலிலோ திருநெல்வேலியிலோ சிறு நிறப்பிசகு காட்டினால், கழுத்தின் காந்த வளையங்களைத் திருகுவதற்கு முன் காந்தநீக்கம் செய்து பார்ப்பதே அறிவு. அவ்வளையங்களைத் தொட நேர்ந்தாலும் இருக்கும் நிலையை வெள்ளை வர்ணத்தால் குறித்துவிட்டே தொடவேண்டும்.

இறுதியாகக் குழாய். எந்திரம் அணைந்திருக்கும்போதே பாக்-மேனின் சுவர்க்கோடுகள் கண்ணாடியில் தெரிந்தால், பாஸ்பர் சுட்டுப்போய்விட்டது, அதற்கு மருந்தில்லை. படம் மங்கி, எரிந்து சில நிமிடங்கள் ஆனபின்தான் ஒரு நிறம் எழுமானால் கேத்தோடின் பூச்சு களைத்திருக்கிறது. ஹீட்டர் மின்னழுத்தத்தைச் சற்று ஏற்றிக் கேத்தோடு வழியே மின்னோட்டம் பாய்ச்சிப் பூச்சின் மேற்பரப்பைச் சுத்தப்படுத்தும் புத்துயிர்ப்புக் கருவிகளை பி அண்டு கே, சென்கோர் நிறுவனங்கள் செய்தன. அவற்றால் ஆண்டுக்கணக்கில் வாழ்வு பெற்ற குழாய்களும் உண்டு, அந்த ஒரே முயற்சியில் பூச்சு உதிர்ந்து முடிந்துபோனவையும் உண்டு. எனவே ஸ்கிரீன், குவியம், நிறக் குமிழ்கள் எல்லாவற்றையும் சரிசெய்து பார்த்து, குழாய் உண்மையிலேயே தளர்ந்தது என்று கருவியின் அளவீடு காட்டியபிறகே அதைக் கையிலெடுக்கவேண்டும்.

இப்போது தொடக்கத்தில் சொன்ன கருத்து வேறுபாட்டுக்கு வரலாம். மின்பகுளி மின்தேக்கியின் உள்ளே உள்ள திரவம் வெப்பத்தில் வற்றுகிறது. வெப்பநிலை பத்துப் பாகை கூடினால் ஆயுள் பாதியாகும் என்பது தொழிலில் ஏற்கப்பட்ட கணக்கு. நாற்பது ஆண்டு மூடிய பெட்டியில் வெந்த சேசிஸில் அவை அனைத்தையும் மாற்றுவது நியாயமே. மாதிரிக்கேற்ப உறுப்புகளைத் தொகுத்து விற்கப்படும் மின்தேக்கித் தொகுப்புகள் அதைச் சுலபமாக்கியும் விட்டன. நெளிவு, மடிப்பு, ஒடுக்கம் ஆகிய பல கோளாறுகள் அத்தொகுப்பாலேயே தீர்கின்றன என்பதும் உண்மை. ஆயினும் விட்டுப்போன ஈயப் பற்றையோ, குறுக்கிணைந்த டிரான்சிஸ்டரையோ, தளர்ந்த கேத்தோடையோ எந்தத் தொகுப்பும் தீர்க்காது. முப்பது மின்தேக்கிகளை மாற்றும்போது ஒன்றைத் துருவம் மாற்றிப் போட்டாலோ, துருவமற்றது இருந்த இடத்தில் துருவமுள்ளதை வைத்தாலோ, பழைய கோளாற்றின் மேல் புதியது ஏறிக்கொள்ளும். அப்போது எது முதலில் இருந்தது என்று யாராலும் சொல்ல முடியாது. ஆகவே படத்தின் நிலையையும் பி பிளஸ் அளவையும் முதலில் குறித்துக்கொண்டு, பழுதைக் கண்டு நீக்கி, படம் நின்றபின் தொகுப்பைப் போடுவதே சரியான வரிசை. செத்த சேசிஸுக்கு முதல் மருந்தாகத் தொகுப்பைப் போடும் வழக்கம், அது எத்தனை பரவலாக இருந்தாலும், பிழையானது.

குழாயைத் தூக்கி எறிந்துவிட்டு எல்சிடி திரையும் அலைமாற்றுப் பலகையும் வைப்பது மூன்றாவது வழி. ஜிபிஎஸ்-8200 போன்ற மலிவான பலகைகளால் இது பத்து நிமிட வேலையாகிவிட்டது. படம் கிடைக்கும், வரிகளுக்கு இடையே இருளும் பாஸ்பரின் ஒளிர்வும் கிடைக்கா, சில பலகைகளில் பொத்தானுக்கும் படத்துக்கும் இடையே உணரத்தக்க தாமதமும் சேரும். வாடகைக்கு ஓடும் எந்திரத்தில் இதை மறுப்பதற்கில்லை. ஆனால் சோனி நிறுவனம் டிரினிட்ரான் குழாய் உற்பத்தியை 2008இல் நிறுத்திவிட்டது, பெருமளவில் வண்ணக் குழாய் செய்த பிற ஆலைகளும் மூடிவிட்டன. மின்தேக்கியும் டிரான்சிஸ்டரும் இன்றும் விற்கின்றன; சில மாதிரிகளுக்கு இ.எச்.டி.யும் புதிதாகக் கிடைக்கிறது. குழாய் ஒன்றுதான் இனி வராதது. எனவே சேசிஸ் கைவிட்ட எந்திரத்தை வைத்திருப்பவர்கள், குழாயில் ஒட்டியுள்ள எண்ணையும் கழுத்தின் விட்டத்தையும் யோக் காயிலின் மின்தடையையும் குறித்துவைத்து, அதற்கு ஏற்ற சேசிஸ் கிடைக்கும்வரை குழாயைக் கழற்றாமல் யோக் காயிலோடு அப்படியே பாதுகாக்க வேண்டும்.